பத்துக்குப் பத்து விழும்போது

கீனோ என்பது எண்களைக் குலுக்கி எடுக்கும் லாட்டரி போன்ற ஆட்டம். அதில் 1 முதல் 80 வரை எண்ணிட்ட 80 பந்துகள். அவற்றில் 20 வெளியே வரும். பத்து எண் எழுதிப் பத்தும் வருவதற்கு 89,11,711-இல் ஒரு வாய்ப்புதான். அவ்வளவு தொலைவில் இருக்கும் பரிசுக்குக் காத்திருந்து ஆட்டக்காரர்கள் சலித்துப்போகக் கூடாது என்று, வெளிநாட்டு நிறுவனங்கள் பெங்களூரில் உள்ள கணக்குக் குழுக்களிடம் பக்கப் பந்தயம், அதாவது அதே குலுக்கலின் மேல் தனியாகக் கட்டும் சிறு பந்தயம், கேட்கின்றன. மிக எளியது பூவா தலையா. 1 முதல் 40 வரை தலை, 41 முதல் 80 வரை பூ. எந்தப் பக்கம் அதிகம் விழும்?

புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் "பாதிக்குப் பாதிதானே அண்ணா" என்பார்கள். இல்லை. இரு பக்கமும் சரியாகப் பத்துப் பத்து விழும் சமநிலை ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நாணயத்தை 20 முறை சுண்டினால் சரியாகப் பத்து தலை விழ 17.62 சதவீதம் வாய்ப்பு. அதையே இங்கும் எழுதிவிடுவதுதான் வழக்கமான தவறு. எடுத்த பந்து மறுபடி பெட்டிக்குள் போவதில்லை. ஒரு தலை வெளியே வந்ததும் உள்ளே 39 தலை, 40 பூ. அடுத்து பூ வருவதற்கான வாய்ப்பு இம்மியளவு கூடுகிறது. அந்த இம்மிகள் எல்லாம் சேர்ந்து சமநிலையை 20.32 சதவீதத்துக்குக் கொண்டுபோகும். 17.62-ஐ நம்பிச் சமநிலைக்கு ஐந்து மடங்கு அறிவித்தால், ஆட்டக்காரருக்குத் திரும்புவது 88 சதவீதம் என்று ஏட்டில் இருக்கும்; நடப்பில் 101.6. ஆட ஆட நடத்துபவருக்கு நஷ்டம்.

சமநிலையின் சரியான வாய்ப்புக்கு, 40-இல் 10 எடுக்கும் வகைகளின் எண்ணிக்கையை வர்க்கமாக்கி, 80-இல் 20 எடுக்கும் வகைகளால் வகுக்க வேண்டும். பிறகு கணினியில் குலுக்கிப் பார்க்க வேண்டும். 10,000 குலுக்கலிலேயே 17-க்கும் 20-க்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரிந்துவிடும். சதவீதத்தின் இரண்டாம் தசமம் வரை நம்ப வேண்டுமென்றால் பல கோடி முறை ஓட்ட வேண்டும்.

அடுத்து வருவது கூட்டுத்தொகைப் பந்தயம். 20 எண்களின் கூட்டல் சராசரியாக 810. திட்ட விலக்கம், அதாவது கூட்டல் அந்தச் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, சரியாக 90. 810-க்கு 'மேலே', 'கீழே' இரண்டுக்கும் 49.8 சதவீதத்தை ஒட்டி வாய்ப்பு. தனியாக இருக்கும்வரை சாதுவான பந்தயம். ஆனால் யாராவது "பூவும் மேலேயும் சேர்ந்து வந்தால் பெரிய பரிசு" என்று கேட்பார்கள். பூவுக்கு 39.8 சதவீதம், இரண்டையும் பெருக்கினால் 20 சதவீதம்கூட வராது. ஆனால் பூ அதிகம் விழுந்தால் பெரிய எண்கள் விழுந்திருக்கின்றன, கூட்டலும் தானே ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்து வரும் வாய்ப்பு 36 சதவீதத்தை ஒட்டியது. ஒரே குலுக்கலில் பிறந்த இரு பந்தயங்களைப் பெருக்கவே கூடாது.

முதல் பந்து, கடைசிப் பந்து மேல் கட்டும் பந்தயத்தில் கோளாறு தரவுத்தளத்தில் ஒளிந்திருக்கும். பல அமைப்புகள் முடிவை ஏறுவரிசையில் அடுக்கிச் சேமிக்கின்றன. அதில் முதலாவதை எடுத்தால் அது முதலில் விழுந்த பந்து அல்ல, மிகச் சிறிய எண். சராசரியாக அது 4-க்கும் கீழே. முதல் பந்தில் தலை கேட்டவர் ஏறக்குறைய எப்போதும் வெல்வார். விழுந்த வரிசையைத் தரவுத்தளத்தில் தனி நெடுவரிசையில் சேமித்தாக வேண்டும்.

இந்திய லாட்டரியில் இத்தகைய பந்தயத்துக்கு இடமில்லை. 1998-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, முன்கூட்டி அறிவித்த எண்ணுக்கோ ஒற்றை இலக்கத்தை வைத்தோ பரிசு தருவதைத் தடுக்கிறது. 2003-இல் தமிழ்நாடு லாட்டரியையே தடை செய்தது. அதன் பிறகும் கேரளச் சீட்டின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் திருட்டுத்தனமாகக் கட்டும் 'மூணு நம்பர்' நம் ஊர்களில் கூலிப் பணத்தை உறிஞ்சியது. அதுவும் பக்கப் பந்தயம்தான், 1000-இல் ஒன்று.

அதனால்தான் திரையில் என்ன எழுதுகிறோம் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பூவுக்கோ தலைக்கோ இரட்டிப்பு என்று மட்டும் போட்டால், பார்ப்பவர் அதைப் பாதிக்குப் பாதி என்றே படிப்பார். சமநிலை விழுந்தால் இரு பக்கத்தாரும் தோற்பார்கள். 100 கட்டினால் சராசரியாகத் திரும்புவது 79.68. இந்த இரண்டும் விதிப்பக்கத்தின் அடியில் அல்ல, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே, பொத்தானின் எழுத்து அளவிலேயே வர வேண்டும்.