ஆளில்லா கடல் வாகன நேர்முகம்: "எந்தத் தண்ணீர்?" என்று முதலில் கேளுங்கள்

தேர்வானவர்கள் பட்டியல் வந்துவிட்டது, என் பெயர் இருக்கிறது. ஆளில்லா கடல் வாகனங்களையும் சென்சார்களையும் வடிவமைத்துச் சோதிக்கிற பிரிவில் ப்ராஜெக்ட் வேலை. நிரந்தரம் இல்லையே என்று வீட்டில் முணுமுணுப்பு, அது கிடக்கட்டும். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் எப்படிப் படித்தாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். எத்தனை சுற்று, என்ன தகுதி என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்கும்.

எழுத்துத் தேர்வைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேட் தேர்வில் கப்பல் வடிவமைப்பு, கடல்சார் பொறியியலுக்கான என்எம் தாளுக்குப் படித்தவர்களுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். அந்தத் தாளே 2022-ல்தான் வந்தது, பழைய வினாத்தாள் குறைவு, அதனால் மிதப்பு, நிலைப்பு, திரவ இயக்கம் மூன்றையும் புத்தகத்திலிருந்தே கணக்குப் போட்டுப் பழக வேண்டும். கேட்டில் விடையை எண்ணாக நிரப்பும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, அதை முதலில் முடித்துவிடுங்கள்.

நேர்முகத்துக்கு வருகிறேன். என்னைக் கரை சேர்த்தது ஒரே ஒரு பழக்கம்தான்: எந்தக் கேள்வி வந்தாலும் "எந்தத் தண்ணீரில் சார்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத் தொடங்குவது. மற்றவர்கள் கால்மன் ஃபில்டர், மெஷின் லேர்னிங் என்று மணிக்கணக்கில் படிக்கிறார்கள். படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சோதனை செய்கிற ஆட்களுக்கு முதல் கவலை தண்ணீர்தான்.

முதல் கேள்வியே இதுதான். 40 கிலோ ஏயூவி (நீருக்குள் தானே ஓடும் ஆளில்லா வாகனம்) ஒன்று, குளத்தில் மேலும் போகாமல் கீழும் போகாமல் நிற்கிற மாதிரி எடை சரிசெய்தாகிவிட்டது, அப்படியே கடலில் இறக்கினால் என்ன ஆகும்? நல்ல தண்ணீரில் அப்படி நின்றது என்றால் அதன் கன அளவு 40 லிட்டர். கடல் நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ, ஆக அதே 40 லிட்டர் இப்போது 41 கிலோ தண்ணீரை விலக்கும். ஒரு கிலோ மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். டார்பிடோ வடிவ வாகனம் என்றால் மூழ்கவே அடம்பிடிக்கும், செங்குத்து த்ரஸ்டர் (தள்ளும் விசிறி) இருந்தால் அது ஓயாமல் ஓடிப் பேட்டரியைத் தின்றுவிடும். இதைச் சொன்னதும் தலையாட்டினார்கள்.

நான் அதோடு நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் ஆறு கடலில் சேருகிற இடத்தில் கடைமடை மதகு இருக்கும், மதகுக்கு ஆற்றுப்பக்கம் நல்ல தண்ணீர், கடல்பக்கம் உப்புத் தண்ணீர். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து மதகு திறந்திருக்கிற நாட்களில் கடல்பக்கம் மேலடுக்கு நல்ல நீராகவும் அடியில் உப்பு நீராகவும் கிடக்கும். நல்ல நீருக்கு எடை பார்த்த வாகனம் அந்த எல்லை வரை இறங்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும், மென்பொருளில் கோளாறு என்று நினைத்து நிரலைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த உதாரணம்தான் பேச்சையே என் பக்கம் திருப்பியது.

அப்புறம் ஒரு மேடம் கேட்டார்: "கையில் சிடிடி (கடத்துத்திறன், வெப்பநிலை, ஆழம் அளக்கும் கருவி) இல்லை, தண்ணீரின் அடர்த்தியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" உப்பளத்தில் நீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்க்கிற, மிதக்கும் கண்ணாடிக் குழாய் போதும் மேடம் என்றேன். உப்பு விளைய 25 டிகிரி வரவேண்டும், கடல் நீர் சுமார் மூன்றரை காட்டும். 145-ஐ, 145-லிருந்து டிகிரியைக் கழித்து வருகிற எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி. மூன்றரைக்குப் போட்டுப் பாருங்கள், 1.025 வரும். எல்லோரும் சிரித்தார்கள், உடனே வெப்பநிலைத் திருத்தம் என்ன என்று மடக்கினார்கள். அந்தக் குழாய் குளிர்ந்த நீருக்கு அளவு குறிக்கப்பட்டது, வேதாரண்யம் மதிய வெயிலில் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய நீரில் குறைத்துக் காட்டும், கூடவே வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு திருத்துவேன் என்று சமாளித்தேன்.

கேட்டவற்றில் நினைவில் நிற்பவை:

- ஒலியால் தூரம் அளக்கும்போது ஒலி வேகம் நொடிக்கு 1500 மீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாமா? கூடாது. 30 டிகிரி செல்சியஸ் கடல் நீரில், மேற்பரப்பில் நொடிக்கு சுமார் 1545 மீட்டர். 100 மீட்டர் தூரத்தில் 3 மீட்டர் பிசகும்.
- ஆழத்தை அழுத்த சென்சார் சொல்கிறது, அதிலும் அடர்த்தி ஒளிந்திருக்கிறது. நல்ல தண்ணீர் கணக்கைக் கடலில் போட்டால் 100 மீட்டருக்கு இரண்டரை மீட்டர் தப்பு.
- தண்ணீரில் இறக்காமலே கசிவு பார்ப்பது: கை பம்பால் உள்ளே வெற்றிடம் உண்டாக்கி, கேஜ் முள் நகர்கிறதா என்று பார்ப்பது. ஓ-ரிங்கில் (மூடியின் ரப்பர் வளையத்தில்) ஒரு மயிரிழை கிடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.
- அலுமினியக் கூட்டில் எவர்சில்வர் திருகு போட்டால் என்ன ஆகும், துத்தநாகத் துண்டு எதற்கு.
- கடத்துத்திறன் சென்சாரில் பாசியும் கொட்டலசும் (படகடியில் ஒட்டும் ஓட்டுயிர்) ஒட்டினால் அளவு எப்படி நழுவும்.
- கடலின் வெப்பநிலையும் உப்பும் அளக்கும் ஆர்கோ மிதவை: 1000 மீட்டரில் மிதந்துகொண்டிருந்து, 2000-க்கு இறங்கி, அளந்துகொண்டே மேலே வரும், சுமார் 10 நாளுக்கு ஒருமுறை.

ஆளில்லா வாகனத்துக்கு உதாரணம் கேட்டால் மத்ஸ்யா 6000 என்று சொல்லித் தொலைக்காதீர்கள், அதில் மூன்று பேர் உட்கார்ந்து போவதற்குத்தான் அத்தனை பாடும். ரோசப் 6000 என்று சொல்லுங்கள், அது சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஓடி-யின் ஆர்ஓவி, அதாவது கப்பலிலிருந்து வடம் வழியாக இயக்கும் ஆளில்லா வாகனம். எனக்கு முன்னால் போன பையன் இதில்தான் மாட்டினான்.

இதற்கு முன் வேறொரு இடத்தில் நேர்முகம் போனேன், பெயர் வேண்டாம். அப்பா என்ன வேலை, ஏன் ஆங்கிலம் இப்படித் தடுக்குகிறது, அவ்வளவுதான் கேட்டார்கள். வாகனத்தின் வேகம் அளக்கும் டிவிஎல் கருவி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

படிக்கிற முறை? நான் கூட்டத்தோடு உட்கார்ந்து படிக்க முடியாத ஆள், அதனால் குழுவாகப் படியுங்கள் என்றெல்லாம் சொல்ல வராது. ஃபைபர் படகு வைத்திருக்கிற எங்கள் மாமாவிடம் ஒவ்வொரு சென்சாரையும் தமிழில் விளக்கிப் பார்த்தேன். டிவிஎல் அடித்தரையில் ஒலியை அடித்து, திரும்பி வருவதை வைத்து வேகம் சொல்லும் என்றேன். "சரி மாப்ள, தரை எட்டாத ஆழத்துல என்ன பண்ணும்?" என்றார். அச்சு அசலாக அதே கேள்வி நேர்முகத்திலும் வந்தது. தரை எட்டாவிட்டால், தன் அசைவை வைத்தே இடத்தைக் கணிக்கும் ஐஎன்எஸ்ஸை நம்பித்தான் ஓடவேண்டும், பிழை ஏறிக்கொண்டே போகும், அவ்வப்போது மேலே வந்து ஜிபிஎஸ் பிடிக்கவேண்டும், இல்லை கப்பலிலிருந்து யூஎஸ்பிஎல் என்ற ஒலிக் கருவி வழியாக இடம் சொல்லவேண்டும். நீருக்குள் ஜிபிஎஸ் எடுக்காது என்பதை மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள், அதைத் தனியாகக் கேட்பார்கள்.

சான்றிதழ் அசலும் நகலும் இரண்டு தனி உறையில் வையுங்கள். முந்தின நாளே சென்னை போய்விடுங்கள், இரவு பஸ்ஸில் தூங்காமல் போய் இறங்கினால் 145-ஐ எதால் வகுப்பது என்பதே நினைவுக்கு வராது.