சேற்று மலையில் ஓட: ஷூவும் இறக்கமும்

வட இங்கிலாந்தின் ஃபெல் எனப்படும் மலை ஓட்டப் பந்தயங்களில் குளிர்காலத்தில் ஆளைக் கவிழ்ப்பது ஏற்றம் அல்ல, இறக்கம்தான். ஷூவின் அடியில் 8 மி.மீ. உயரத்தில், இடைவெளிவிட்ட ரப்பர் குமிழ்கள் வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு வழவழவென்றாகிவிடும். லேஸை இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுங்கள். தளர்ந்த ஷூவைச் சதுப்பு உருவிக்கொள்ளும், பிறகு முழங்கை வரை விட்டுத் துழாவ வேண்டியதுதான்.

செங்குத்து ஏற்றத்தில் கைகளைத் தொடையில் ஊன்றி நடக்கலாம், வெட்கமே வேண்டாம். இறங்கும்போது பயந்து பின்னால் சாய்ந்தால் குதிகால் வழுக்கும். சற்று முன்சாய்ந்து, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

விரல் மரத்துப்போனால் ஜிப்பைக்கூட இழுக்க முடியாது. மழையங்கியைக் குளிர் ஏறும் முன்பே மாட்டுங்கள். வரைபடம், திசைகாட்டி, விசிலை எடை பார்க்காமல் எடுத்துச் செல்லுங்கள். பாதியில் விலகினால் முடிவிடத்தில் கட்டாயம் சொல்லுங்கள்; இல்லையேல் மீட்புக்குழு இருட்டில் உங்களைத் தேடும்.