"மறுபடியும் அடிச்சிட்டேன் மேடம்"

சிகரெட்டை விடணும்னு நினைக்கிறவங்க கூட போன்ல பேசுறதுதான் என் வேலை. கவுன்சிலர்னு சொல்லுவாங்க. ஹெட்செட்டை மாட்டிட்டு உக்காந்தா ஷிஃப்ட் முடியுற வரைக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்துட்டே இருப்பாங்க, சிலர் ரெண்டு நிமிஷத்துல வச்சிடுவாங்க, சிலர் மனசுல இருக்குறதை எல்லாம் கொட்டிட்டுத்தான் வைப்பாங்க. எந்தக் கால் ரொம்ப முக்கியம்னு யாராவது கேட்டா, விடப்போற நாளுக்கு முன்னாடி வர்ற கால்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. நான் அப்படி சொல்ல மாட்டேன். விட்டு நாளாகி, நடுவுல ஒரு தம் அடிச்சிட்டு, அதுக்கப்புறமும் போனை எடுத்து எங்களைக் கூப்பிடுறாங்க பாருங்க, அந்தக் கால்தான் முக்கியம். ஆனா அதுதான் ரொம்பக் கம்மியா வருது.

கூச்சம்தான் காரணம். நாங்களா ஃபாலோ-அப்புக்குக் கூப்பிட்டா ரிங் போயிட்டே இருக்கும், எடுக்க மாட்டாங்க. போன வாரம் வரைக்கும் ஆசையா பேசினவங்க திடீர்னு காணாமப் போனாங்கன்னா எங்களுக்குப் புரிஞ்சிடும். அப்படியே எடுத்தாலும் குரல் இறங்கிப் போயிருக்கும், "உங்க டைமை வேஸ்ட் பண்ணிட்டேன் மேடம்"னுதான் முதல் வார்த்தையே வரும். அதைக் கேக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா அவங்க செஞ்சது உலகத்துல யாரும் செய்யாத காரியம் கிடையாது. எந்த உதவியும் இல்லாம மன உறுதியை மட்டும் நம்பி விடுறவங்கள்ல ஆறு மாசம், ஒரு வருஷம்னு தாண்டி நிக்கிறவங்க நூத்துக்கு 3லேருந்து 5 பேர்தான். மீதிப் பேர்ல பெரும்பாலானவங்க முதல் எட்டு நாளுக்குள்ளயே மறுபடி பிடிச்சிடுறாங்க. நிக்கோட்டின் உடம்புல பாதியா குறைய ரெண்டு மணி நேரம் போதும், ஆனா எரிச்சல், தூக்கமின்மை, எதுலயும் மனசு ஒட்டாம இருக்கறது எல்லாம் ரெண்டாவது மூணாவது நாள்லதான் உச்சத்துக்குப் போகும், முழுசா அடங்க ரெண்டு வாரத்துலேருந்து நாலு வாரம் ஆகும். இதெல்லாம் தெரியாதவங்க தன்னோட குணத்துலதான் கோளாறுன்னு முடிவு கட்டிடுறாங்க.

ஒருத்தரைப் பத்தி சொல்லணும். அடையாளம் தெரியாத மாதிரி சில விஷயங்களை மாத்தியிருக்கேன். மெஷின் ஓட்டுறவர், நைட் ஷிஃப்ட் அதிகம், சின்ன வயசுலேருந்து தம் பழக்கம், தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச், மெல்லுற நிக்கோட்டின் கம் எதுவும் இல்லாம வீம்பா விட்டுட்டு சில மாசம் நல்லாவே தாக்குப்பிடிச்சார். அப்புறம் அவர் மனைவிக்கு ஒரு ஆபரேஷன். தியேட்டருக்கு வெளியில காத்துக்கிட்டு இருந்தப்போ, இன்னொரு பேஷண்டோட வந்தவர் "ரொம்ப டென்ஷனா இருக்கீங்களே, வாங்க ஒண்ணு போட்டுட்டு வரலாம்"னு கூப்பிட்டிருக்கார், இவரும் போயிட்டார். ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சு எங்களுக்குக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "அவ நல்லா இருக்கா மேடம், நான்தான் மறுபடியும் அடிச்சிட்டேன்"னார்.

நான் கேட்டேன், அந்த முதல் சிகரெட் எப்படி இருந்துச்சு சார்? "நல்லாவே இல்ல மேடம், தலை சுத்துச்சு, குமட்டிக்கிட்டு வந்துச்சு"னார். அது இயல்புதான், கொஞ்ச நாள் விட்டுட்டாலே உடம்புக்கு அந்தத் தாக்குப்பிடிக்கிற சக்தி குறைஞ்சிடும். சரி, நல்லாவே இல்லைன்னா வீட்டுக்கு வர்ற வழியில எதுக்கு ஒரு பாக்கெட் வாங்கினீங்கன்னு கேட்டேன். யோசிச்சிட்டு சொன்னார், "அதான் அடிச்சாச்சே, எல்லாம் போச்சு, இனிமே என்னன்னு தோணிச்சு."

இந்தப் பதிலைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேக்குறேன், வேற வேற குரல்ல. அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஆலன் மார்லட் 1980கள்ல இதைத்தான் விரிவா எழுதினார். ஒரு தடவை சறுக்கினதுக்கும் பழைய பழக்கத்துக்கே முழுசா திரும்புறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அந்த இடைவெளியில அந்த ஆள் தன்னைப் பத்தி என்ன சொல்லிக்கிறார்ங்கறதுதான் அடுத்து நடக்குறதைப் பெருசா தீர்மானிக்குதுன்னு. "நான் லாயக்கு இல்லாதவன்"னு சொல்லிக்கிட்டா பாக்கெட் வாங்கக் கை போயிடும், "அந்த நேரம் அந்த இடம் என்னை மாட்டிவிட்டுச்சு"ன்னு பாத்தா அடுத்த தடவை என்ன பண்ணலாம்னு யோசனை வரும். வேலைக்கான ட்ரெயினிங்ல படிக்கும்போது இது எனக்கு வெறும் பாடம், அன்னிக்கு ராத்திரி அவர் வாயால கேட்டப்போதான் எவ்வளவு உண்மைன்னு உறைச்சது. தலை சுத்த வச்ச அந்த ஒரு சிகரெட் அவரைத் திரும்ப இழுத்துட்டுப் போகல. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்த வழி முழுக்க அவர் தன்னைத் திட்டிக்கிட்டே வந்தார் பாருங்க, அதுதான் இழுத்துச்சு.

பாக்கெட்ல இன்னும் மீதி இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னார். என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்கன்னேன். "ஒரு நிமிஷம் மேடம்"னு போனை எங்கேயோ வச்சார், குழாய்ல தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு, வந்து "நனைச்சுக் குப்பையில போட்டுட்டேன்"னார். வெறுமனே குப்பையில போட்டா ராத்திரி எழுந்து எடுப்பேன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு.

ஆனா அதோட முடிஞ்சிடலையே, மறுநாளும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், அந்த இன்னொருத்தரும் அங்கதான் இருப்பார். அதனால போன்லயே ஒத்திகை பாத்தோம். நான் அந்த ஆள் மாதிரி கூப்பிட, இவர் "இல்லண்ணே, நான் விட்டுட்டேன்"னு சொல்லணும். முதல் தடவை முணுமுணுன்னு சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னேன். அதுக்கப்புறம் நல்லா சத்தமாவே வந்துச்சு. சின்னப் புள்ளைங்க விளையாட்டு மாதிரி தெரியலாம், ஆனா வாயால ஒரு தடவை சொல்லிப் பாத்த வார்த்தை நெருக்கடியில தானா வரும், சொல்லிப் பாக்காதது தொண்டையிலயே நிக்கும்னு இந்த வேலையில நல்லாவே பாத்திருக்கேன்.

சறுக்கினவங்ககிட்ட நாங்க கேக்குற கேள்வி எல்லாம் இந்த மாதிரிதான் இருக்கும், எங்க இருந்தீங்க, மணி என்ன, பக்கத்துல யாரு, கைக்கு எப்படி வந்துச்சு, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு. ஏன் அடிச்சீங்கன்னு கேக்கவே மாட்டோம், அது கேக்குறவங்க எவ்வளவு அன்பா கேட்டாலும் விசாரணை மாதிரி ஆயிடும். இப்படி ஒவ்வொண்ணா கேட்டா ஆச்சரியமான காரணம் எல்லாம் வெளியில வரும். கம் மென்னு பாத்தேன் ஒண்ணும் வேலைக்கு ஆகலைன்னு ஒருத்தர் சொல்லுவார், எப்படி மென்னீங்கன்னு கேட்டா சாதாரண சூயிங்கம் மாதிரி விடாம மென்னு எச்சிலை முழுங்கியிருப்பார். நிக்கோட்டின் கம்மை மெதுவா மெல்லணும், நாக்குல சுரீர்னு வந்ததும் நிறுத்திட்டு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும், அந்த சுரீர் அடங்கினப்புறம் மறுபடி மெல்லணும், ஏன்னா அது வாய்த் தோல் வழியாத்தான் ரத்தத்துல சேரும், முழுங்கினா வயித்தைப் புரட்டுறதோட சரி. அதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி காபியோ ஜூஸோ குடிச்சிருந்தாலும் வாயில அமிலம் இருக்கிறதால சரியா சேராது. இவ்வளவையும் அந்த மனுஷனுக்கு யாரும் சொல்லல, அவர் என்னடான்னா தனக்கு மன உறுதி பத்தலைன்னு நினைச்சிட்டு இருந்திருக்கார். எனக்குக் கோபமே வரும் இந்த இடத்துல.

காபி விஷயமும் அப்படித்தான். சிகரெட் புகை கல்லீரல்ல காஃபினை வேகமா கரைக்க வைக்கும். தம்மை விட்டதும் அந்த வேகம் குறைஞ்சிடும், அதே அளவு காபி குடிச்சாலும் ரத்தத்துல காஃபின் அதிகமா நிக்கும். நைட் ஷிஃப்ட் பாக்குறவங்க குடிக்கிற காபிக்குக் கேக்கவே வேணாம், கை நடுக்கம், படபடப்பு, தூக்கம் வராது, உடம்பு சிகரெட் கேக்குதுன்னு நினைச்சு ஒண்ணைப் பத்த வச்சிடுவாங்க. பாதிக் காபியைக் குறைச்சாலே பலருக்கு அந்தப் பதட்டம் தணிஞ்சிடுது. குடி இருக்குற பார்ட்டியைப் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, முதல் சில வாரம் போகாதீங்க, அவ்வளவுதான்.

எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்டுன்னு ஒரு கேள்வி இருக்கு, ஸ்வீடன் நாட்டு ஃபாகர்ஸ்ட்ராம்ங்கிறவர் 1978ல உண்டாக்கின கேள்வித்தாள்ல இருந்து வந்தது. அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னு சொல்றவங்களுக்குப் பிடி ரொம்ப இறுக்கமா இருக்குன்னு அர்த்தம், அவங்களை வெறும் அறிவுரையோட அனுப்புறது நியாயமே இல்லைன்னு நான் நினைக்கிறேன். மெதுவா நாள் முழுக்க நிக்கோட்டின் தர்ற பேட்ச்சும், ஆசை குப்புன்னு வர்ற நேரத்துக்கு கம்மும் சேத்து எடுத்தா ஏதாவது ஒண்ணை மட்டும் எடுக்கிறதை விட நல்ல பலன் இருக்கு, சிகரெட் ஆசையைக் குறைக்கிற வரெனிக்ளின்னு ஒரு மாத்திரையும் இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டுட்டு எடுக்கணும், இதய நோய் இருக்கறவங்களும் கர்ப்பமா இருக்கறவங்களும் கட்டாயம் கேக்கணும். பேட்ச் ஒட்டியிருக்கும்போது ஒரு சிகரெட் அடிச்சிட்டா பயந்துபோய் பேட்ச்சைப் பிச்சுப் போட்டுட்டு சிகரெட்டைத் தொடர்றவங்க நிறைய பேர். தலைகீழா பண்றாங்க! பேட்ச் இருக்கட்டும், சிகரெட்டை நிறுத்துங்க.

வயசானவங்க கூப்பிட்டு "இத்தனை தடவை விட்டுப் பாத்தாச்சு, இந்த வயசுக்கு மேல என்னம்மா"ன்னு கேப்பாங்க. அவங்களுக்கு நான் ரிச்சர்ட் டால் ஆராய்ச்சியைச் சொல்லுவேன். 1951ல ஆரம்பிச்சு பிரிட்டன்ல 34,439 ஆண் டாக்டர்களை 50 வருஷம் தொடர்ந்து பாத்தாங்க, 2004ல முடிவு வந்துச்சு. 30 வயசு வாக்குல விட்டவங்களுக்கு சுமார் 10 வருஷம் ஆயுள் திரும்பக் கிடைச்சுது, 40ல விட்டா 9, 50ல விட்டா 6, 60ல விட்டாலும் 3 வருஷம். அந்த 60க்கு 3 வருஷத்தைச் சொல்லும்போது அந்தப் பக்கம் ஒரு அமைதி வரும், பேரன் பேத்தி இருக்கறவங்களா இருந்தா அவங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க.

வீட்டுல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், இது என்னோட கறாரான கருத்து. சட்டையில வாசம் வந்ததும் "எனக்குத் தெரியும், உன்னால முடியாதுன்னு" சொல்லிடாதீங்க. கோபம் நியாயமானதுதான், நீங்களும் நம்பி ஏமாந்திருக்கீங்க, ஆனா அந்த வார்த்தை அவர் தனக்குள்ள சொல்லிக்கிட்டிருக்கிற அதே வார்த்தை. அதையே வெளியிலேருந்தும் கேட்டா அவர் அடுத்த தம்மை ஒளிஞ்சு அடிப்பார். "எத்தனை நாள் அடிக்காம இருந்தே, அதை எப்படிப்பா சமாளிச்சே"ன்னு கேட்டுப் பாருங்க, பேச்சு வேற பக்கம் திரும்பும்.

உறுதி வரட்டும், வந்ததும் விடுறேன்னு நிறைய பேர் காத்திருக்காங்க, புது வருஷம், பிறந்த நாள்னு தள்ளிப் போட்டுட்டே. நான் பாத்த வரைக்கும் அது அப்படி முன்கூட்டி வர்றதில்ல. பாக்கெட்டை நனைச்சுப் போட்டப்புறம், ஒருத்தர்கிட்ட உண்மையைச் சொன்னப்புறம், ஆசை வந்த அஞ்சு நிமிஷத்தை எப்படியோ கடத்தினப்புறம், கொஞ்சம் கொஞ்சமா சேருது. சறுக்கினவங்களுக்கு இதுல ஒரு லாபமே இருக்குன்னு சொல்லுவேன், முதல் தடவை விடுறவங்களுக்குத் தெரியாத ஒண்ணு அவங்களுக்குத் தெரியும், தன்னை எந்த இடம் கவுக்கும்னு. இன்னிக்கு அடிச்சிருந்தீங்கன்னா அடுத்த திங்கக்கிழமைன்னு தேதி குறிக்காதீங்க, அடுத்த சிகரெட்டை எடுக்காம இருக்கறதுலேருந்தே ஆரம்பிங்க.

அந்த மெஷின் ஓட்டுறவர் இந்தத் தடவை டாக்டரைப் பாத்துட்டு பேட்ச் போட ஆரம்பிச்சார். ஃபாலோ-அப்புக்கு நாங்க கூப்பிட்டப்போ ரெண்டாவது ரிங்லயே எடுத்தார், மனைவி வீட்டுக்கு வந்தாச்சு, நடக்கிறாங்கன்னு சொல்லிட்டு, 21 மில்லிகிராம் பேட்ச்லேருந்து 14க்கு எப்போ இறங்கலாம் மேடம்னு கேட்டார்.