இங்கே ஒன்பது, அங்கே நாலரை

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்துவிட்டது. தரங்கம்பாடியை ஒட்டிய எங்கள் ஊருக்கு மழையோடு போயிற்று. காலையில் கைபேசியைத் திறந்தால் ஜெர்மனியில் இருக்கும் எங்கள் நட்புச் சபையிலிருந்து ஏழு செய்திகள். எங்கள் தேவாலயத்துக்குள் தண்ணீர் வந்ததா, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தாத்தா பத்திரமா என்று. சென்னையில் இருக்கும் என் சொந்த அண்ணன் இதுவரை கேட்கவில்லை!

டிசம்பர் 4, புதன்

சுனாமி வந்து இந்த 26-ஆம் தேதியோடு இருபது வருஷம். அன்றைய ஆராதனையில் வாசிக்க, இரண்டு சபைகளின் 'நட்பின் வரலாறு' ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் எங்கள் போதகர் ஐயர். சபைச் செயலாளர் என்றால் இதெல்லாம் தலையில் விழும்.

என்னத்தை எழுத? 2005 தொடக்கத்தில் இந்தக் கரைக்கு வராதவர்கள் இல்லை. சாலையோரம் பழைய துணி மலைபோலக் குவிந்து கிடந்தது. அதில் கம்பளி ஸ்வெட்டர்கள் வேறு, நாகப்பட்டினம் வெயிலுக்கு! புது ஃபைபர் படகுகளில் கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஜெர்மனியின் ஆர் நதிப் பள்ளத்தாக்கிலுள்ள அந்தச் சின்னச் சபையிலிருந்து வந்த நாலு பேர் மட்டும் பெயர்ப்பலகை இல்லாமல் வந்தார்கள். கூரை போட்டுத் தந்தார்கள். பணம் முடிந்த பிறகும் கடிதம் நிற்கவில்லை. எனக்கு அதுதான் கணக்கு.

டிசம்பர் 8, ஞாயிறு

நேற்று எழுதியதை இன்று கிழித்துப் போட்டேன். முழுக்க 'அவர்கள் தந்தார்கள், நாம் பெற்றோம்'. 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய நாளிலிருந்து இதே பாட்டுத்தான். 2021-ஐ விட்டுவிட்டேனே.

அந்த வருஷம் ஜூலை 14 இரவு ஆர் நதி பெருகி, அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் போனார்கள். அவர்கள் கோயிலுக்குள்ளும் சேறு. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் கலந்த சேறு. ஞானஸ்நானப் பதிவேடுகள் அதில் ஊறிவிட்டன என்று எழுதியிருந்தார்கள்.

கோயில்பிள்ளை தாத்தாவுக்கு உடனே கை பரபரத்தது. 2004-ல் உப்புத்தண்ணீரில் ஊறிய எங்கள் பதிவேட்டைத் தாளுக்குத் தாள் செய்தித்தாள் வைத்து, நிழலில் உலர்த்திக் காப்பாற்றியவர் அவர். "வெயில்ல வைக்காதீங்க, இஸ்திரி போடாதீங்கன்னு எழுதுய்யா" என்றார். எழுதினேன். ஈரப் புத்தகங்களை அப்படியே உறையவைத்து, பிறகு இயந்திரத்தில் உலர்த்தப் போகிறோம் என்று பதில் வந்தது. தாத்தா ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. "ஐஸ் மீன் மாதிரியா?" என்று சாயங்காலம்தான் கேட்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

மாதர் சங்கத்தாரின் வீடியோ அழைப்பு. அங்கே காலை ஆராதனை முடிகிற நேரம், இங்கே மாலை நாலு. நான்தான் மொழிபெயர்ப்பு, அரைகுறை ஆங்கிலத்தில்.

ஒரு அம்மா கேட்டார்: "மூன்று வருஷம் ஆகிவிட்டது. மழைச் சத்தம் கேட்டால் இன்னும் தூங்க முடியவில்லை. உங்களுக்கு எப்போது சரியானது?"

நம் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த பாட்டிதான் பேசினார். "எனக்கு இன்னும் சரியாகல தாயி. நாலாம் வருஷம் மீன் வாங்கக் கரைக்குப் போனேன். வாங்காமத் திரும்பிட்டேன். அடுத்த வாரம் வாங்குனேன். அம்புட்டுத்தான்."

'அம்புட்டுத்தான்' என்பதை எப்படி ஆங்கிலத்தில் சொல்ல? சொல்லாமல் விட்டேன். அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டார்.

டிசம்பர் 19, வியாழன்

கமிட்டி. 2021-ல் அவர்களுக்காக எடுத்த சிறப்புக் காணிக்கை 41,300 ரூபாய் வங்கியில் கிடக்கிறது. சபை அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது லேசில் ஆகாது என்று ஆடிட்டர் அப்போதே கையை விரித்துவிட்டார். (வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்துக்கும் பாடுதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் அது வந்து இறங்க வேண்டும்.)

அவர்களையே கேட்டோம். விழுப்புரத்தில் ஃபெஞ்சல் வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். சரி, யார் பெயரில் கொடுப்பது? அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் பெயரே போடாமல் கொடுப்பதாக முடிவானது.

டிசம்பர் 26, வியாழன்

அலை வந்த நேரத்தை ஒட்டி ஒன்பது மணிக்கு ஆராதனை. ஜெர்மனியில் விடியற்காலை நாலரை. யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துத்தான் திரையைக் கட்டினேன். கம்பளிக் கோட்டும் மெழுகுவர்த்தியுமாகப் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

தாத்தா பெயர்களை வாசித்தார். எங்கள் சபையில் 31. பத்தொன்பதாவது பெயரில் நெட் போய்விட்டது. நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். ஐயர் தொடருமாறு சைகை காட்டினார்.

"இருங்கய்யா, அவங்க வரட்டும்" என்று தாத்தா விரலைப் பதிவேட்டிலிருந்து எடுக்காமல் நின்றார். உப்பேறிப் பழுப்பான தாள். ஐந்து நிமிஷம் கோயிலில் ஒருத்தரும் அசையவில்லை. திரையில் மெழுகுவர்த்திகள் திரும்ப வந்தன. தாத்தா பத்தொன்பதாவது பெயரை முதலிலிருந்து வாசித்தார்.