கோரிமேட்டுக் குறிப்புகள்

நவம்பர் 14, 2025
ஆஸ்பத்திரியில் சித்தப்பாவின் ஸ்கேனுக்கு டோக்கன் கிடைத்தது, திங்கட்கிழமைக்கு. சித்தப்பா சீட்டுக்கட்டு எங்கே என்கிறார்.

நவம்பர் 15
பதின்மூன்று சீட்டு ரம்மியில் கரைகண்டவர்கள் போக்கருக்கு வந்ததும் வழுக்குவது ட்ராப்பில், அதாவது கையைப் போட்டு விலகுவதில்தான். ரம்மியில் முதல் ட்ராப் 20 புள்ளி, நடுவில் போட்டால் 40, முழுசாகத் தோற்றால் 80. அந்த 20-க்குப் பயந்து இன்னும் ஒரு சீட்டு பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஹோல்டெம் என்கிற போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மேஜையில் ஐந்து பொதுச் சீட்டு. சீட்டு பார்க்கும் முன்பே இரண்டு பேர் வைக்கும் கட்டாயப் பணம்தான் பிளைண்ட், சின்னது ஒன்று, பெரியது ஒன்று. அதை வைக்காதவருக்குக் கையைப் போடச் செலவே இல்லை, சீட்டு பார்க்கத்தான் செலவு. ஒன்பது பேர் மேஜையில் பத்துக்கு ஏழெட்டு கையைப் போட்டுவிட வேண்டும். சித்தப்பாவுக்கு அது மானப் பிரச்சினை.

நவம்பர் 16
அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் ஸ்டூ அங்கர் ஜின் ரம்மியிலிருந்து வந்தவர். ஜின்னில் இரண்டு பேர், ஆளுக்குப் பத்துச் சீட்டு, சேராத சீட்டின் கூட்டல் 10-க்குள் வந்தால் தட்டி, அந்தக் கையை முடித்துவிடலாம். அவரோடு ஆட ஆளே இல்லாமல் போனது. போக்கர் உலகத் தொடரின் பிரதான ஆட்டத்தில் 1980-ல் 73 பேர், 1981-ல் 75 பேர். இரண்டு தடவையும் ஜெயித்தது அவர்தான். ஞாபகசக்தி என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. போக்கரில் ஒவ்வொரு கைக்கும் கட்டைக் கலைக்கிறார்கள், கழிந்த சீட்டை நினைவு வைத்து என்ன பயன்? யார் எப்போது எவ்வளவு வைத்தான், எந்த இடத்தில் பின்வாங்கினான், அதுதான் நிற்க வேண்டும். பின்வாங்குகிறவன் மேல் அங்கர் விடாமல் ஏறுவார்.

நவம்பர் 17
ஸ்கேன் முடிந்தது.

நவம்பர் 18
1990, அதே பிரதான ஆட்டம். மூன்றாம் நாள் அங்கர் வரவில்லை, போதையில் ஓட்டல் அறையில் நினைவில்லாமல் கிடந்தார். நாற்காலி காலி. அவருக்கும் சீட்டு விழுந்தது, அவருடைய சிப்ஸிலிருந்து (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லைகள்) பிளைண்ட் போய்க்கொண்டே இருந்தது. அப்படியும் 9-வது இடம்.

சின்ன பிளைண்ட் 300, பெரியது 600, பெரிய பிளைண்ட் வைப்பவரே மேஜைக்காகக் கூடுதலாகப் போடும் ஆன்ட்டி 600 என்றால் ஒரு சுற்றுக்கு 1,500. கையில் 15,000 இருந்தால் பத்துச் சுற்று. ஒன்பது பேர் மேஜையில் கைக்கு இரண்டு நிமிடம் வீதம் மூன்று மணி நேரம். ஆனால் 40 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் ஏறினால் அதுவும் நிற்காது. ஐந்தாறு சுற்றுக்கு இறங்கிவிட்டால் சிப்ஸ் மொத்தத்தையும் தள்ளு, இல்லையேல் கையைப் போடு. இரண்டு சுற்று மிச்சமாகும்வரை நல்ல கைக்குக் காத்திருப்பார்கள். அப்போது தள்ளினால் எவனும் பயப்பட மாட்டான், கிடைத்ததை வைத்துப் பார்த்துவிடுவான்.

நவம்பர் 19
ரிப்போர்ட் இல்லை. மழை. ஆகஸ்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு போனில் காசு வைத்து ஆட வழியில்லை, நல்லதுதான். புளியங்கொட்டைதான் சிப்ஸ். பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்துகொண்டார்.

நவம்பர் 20
1997-ல் அதே ஆட்டத்துக்கு அங்கரின் நுழைவுப் பணம் 10,000 டாலரைக் கட்டியது பில்லி பாக்ஸ்டர் என்ற ஆட்டக்காரர். 312 பேர். கடைசிக் கையில் அங்கரிடம் ஏஸ்-4, ஜான் ஸ்ட்ரெம்பிடம் ஏஸ்-8. மேஜையில் ஏஸ், 5, 3, 3, இன்னும் ஒரு சீட்டு பாக்கி. தெரியாத சீட்டு 44. அதில் அங்கரை ஜெயிக்க வைப்பது நான்கு 2 (ஏஸ் முதல் 5 வரை வரிசை சேரும்), மூன்று 4, ஆக ஏழுதான். 9 முதல் ராஜா வரை எது வந்தாலும், மிச்சமிருந்த ஏஸோ 3-ஓ வந்தாலும் பாதிப் பாதி. வந்தது 2. பத்து லட்சம் டாலர். மறுவருடம் ஆடவே வரவில்லை. 1998 நவம்பர் 22, லாஸ் வேகாஸில் ஒரு மோட்டல் அறை. வயது 45.

ரிப்போர்ட் நாளைக்காம்.

நவம்பர் 21
சித்தப்பா இப்போது எதற்கெடுத்தாலும் கையைப் போடுகிறார். பெரிய பிளைண்டில் இருக்கும்போது அது தப்பு. அதே 300/600 கணக்கில் ஒருவன் 1,200-க்கு ஏற்றினான், மற்றவர்கள் கையைப் போட்டுவிட்டார்கள்: நடுவில் 2,700 கிடக்கிறது, நாம் சேர்க்க வேண்டியது 600. ஐந்தரைக்கு ஒரு தடவை ஜெயித்தாலே கட்டுபடியாகும். சொன்னேன், தலையாட்டினார், மறுபடியும் போட்டார். கேட்டால் "தூக்கம் வருதுப்பா" என்கிறார். டாக்டர் அறைக்கு என்னை மட்டும் கூப்பிடுகிறார்கள்