தண்ணீர் குடித்தால் உப்பு போய்விடுமா?

ஆந்திராவின் சூளூர்பேட்டைப் பக்கம் எங்களைப் போன்ற தமிழ் வீடுகளிலும் கோடை வந்தால் ஆவக்காய் ஊறுகாய் போட்டாக வேண்டும். மாங்காய்த் துண்டுகளோடு கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, கல்லுப்பு மூன்றையும் ஏறக்குறைய ஒரே அளவாகக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுப் பிசைவார்கள். கூடவே பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துக் கருவாடு, அப்புறம் அப்பளம், அதில் உப்பு போக அப்பளக்காரத்திலும் சோடியம் உண்டு. "நான் மோருக்குக்கூட உப்பு போடறதில்லையேப்பா, எனக்கு ஏன் பிரஷர்?" என்று அத்தை கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சொன்ன வைத்தியம், நிறைய தண்ணீர் குடி, உப்பு போய்விடும்.

அப்படிப் போகாது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதிலிருக்கும் சோடியத்தில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அவை செலவிடும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இந்த ஒரு வேலைக்கே போகிறது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்போம், ஆனால் மாஸ்கோவில் விண்கலம் போல அமைத்த அடைப்புக்குள் மாதக்கணக்கில் இருந்தவர்களுக்கு நாளுக்கு 12, 9, 6 கிராம் என்று உப்பை மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது (2017இல் வெளிவந்த ஆய்வு) நாள்பட உப்பு கூடியபோது அவர்கள் தண்ணீரைக் குறைவாகத்தான் குடித்தார்கள். உப்பை வெளியே தள்ளிய சிறுநீரகம் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டது. அதற்கு யூரியா (புரதம் சிதையும்போது உடம்பிலேயே உண்டாகும் கழிவு) வேண்டும், எலிகளில் பார்த்தபோது அந்த யூரியாவைத் தயாரிக்கக் கல்லீரலும் தசையும் நிறைய சக்தியைச் செலவழித்தன, எலிகள் கூடுதலாகத் தின்றன.

உடம்பில் தங்கும் சோடியம் நீரையும் தங்கவைக்கிறது, இரத்தத்தின் அளவு கூடுகிறது, பிரஷர் ஏறுகிறது. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதே உப்பை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு அதிக அழுத்தம் தேவைப்படலாம், அந்த அழுத்தமே அதன் நுண்ணிய வடிகட்டிகளைக் கெடுத்துப் புரதத்தை ஒழுகவிடுகிறது. கெட்ட சிறுநீரகம் உப்பை இன்னும் குறைவாகத் தள்ளும், பிரஷர் இன்னும் ஏறும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, ஊறுகாயும் கருவாடும் சேர்த்து. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுக் குழம்பு வையுங்கள், உப்பு நன்றாகக் குறையும். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதற்கு மாறிப் பயனில்லை. பொட்டாசியம் கலந்த உப்பு பலருக்கு நல்லதே, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், பொட்டாசியம் கூடினால் இதயத்துடிப்பே தடுமாறும்.