ஐந்து கோடும் ஒரு பச்சை முட்டையும்

ஜூன் 3
டோக்கியோவில் இருக்கும் நிஷிகசாய்க்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கான்ஜி (ஜப்பானியத்தில் எழுதப்படும் சீன எழுத்துகள்) அட்டைகளை வைத்து உருப்போட்டதில் ஒன்றும் தேறவில்லை. இந்த மாதம் ‘生’ என்ற ஒரே ஒரு எழுத்து போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான் டீச்சர். முதல் வகுப்பில் படிக்கிற 80 கான்ஜிகளில் இதுவும் ஒன்று. இடப்பக்கம் சின்னச் சாய்வில் தொடங்கி, அடியில் நீளக் கோட்டில் முடியும். மொத்தம் ஐந்து கோடு. “அடிக்கோடுதான்மா பெருசா இருக்கணும், அது தரை” என்றாள். தரையைப் பிளந்து முளை எழுகிற வடிவம்.

ஜூன் 5
எழுதுவது சுலபம், வாசிப்பதுதான் தலைவலி. முளைத்தால் ஹஎரு, பிறந்தால் உமரேரு, வாழ்ந்தால் இகிரு. மூன்றுக்கும் இதே எழுத்து. பின்னால் ஒட்டியிருக்கும் ஹிரகானாவை (ஜப்பானிய ஒலி எழுத்துகளை)ப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஆசிரியரைக் குறிக்கும் ‘சென்செய்’யில் இது செய், பிறந்தநாளான ‘தன்ஜோபி’யில் ஜோ. சென்செய் என்றால் எழுத்துப்படி ‘முன்னால் பிறந்தவர்’. என் சென்செய் எனக்கு இருபத்தெட்டு வருஷம் பின்னால் பிறந்தவள்.

ஜூன் 8
முட்டைப் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு. அதில் தேதியும் நம்ம எழுத்தும். தனியாக நின்றால் ‘நம’. (வாய் தானாக ‘சிவாய’ என்று முடித்தது.) அந்தத் தேதி பச்சையாகச் சாப்பிடுவதற்கான கெடு, அது தாண்டினால் வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

பச்சை! பச்சை முட்டை, பச்சை மரம், பச்சைக் குழந்தை. வேகாததும் உயிருள்ளதும் இப்போதுதான் பிறந்ததும் நமக்கும் ஒரே சொல்தானே. இது ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை? அப்புறம் மளமளவென்று பிடிபட்டது. காய்ச்சாத பீர் ‘நம பீரு’. டிவியில் நேரலை ‘நம ஹோசோ’: அதுவும் சமைக்காமல் அப்படியே வருவதுதான்.

ஜூன் 12
குப்பை நாள். காய்கறித் தோல், டீத்தூள் எல்லாம் ‘நமகோமி’. தண்ணீரைப் பிழிந்துவிட்டுக் கட்டி வைத்தேன்.

இஞ்சி ட்யூபிலும் முதல் எழுத்து இதுதான். அங்கே ‘ஷோ’.

ஜூன் 17
நான்கு நாளாக மழை. வீட்டுக்குள் கொடி கட்டித்தான் துணி காய்கிறது. காய்கிறது என்பதுகூடப் பேச்சுக்குத்தான். மகளின் பி.டி. சட்டையை முகர்ந்தால் ஊறின சாக்கு மாதிரி ஒரு வாடை. அவளும் முகர்ந்துவிட்டு, “நமகவாகி” என்றாள். அரைகுறையாகக் காய்ந்தது என்று அர்த்தம். இங்கே என் பச்சை உதவவில்லை. பச்சைச் சட்டை என்றால் நிறம்தான் ஞாபகம் வருகிறது. நாளைக்கு பி.டி. இருக்கிறதாம். இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன்.